வேலந்தாவளம், தெளிப்பு அறிக்கை

காலை ஆறு மணிக்கு ஷிப்ட்.
ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுவேன்.
பதினொரு வருடத்தில் ஒரு நாள் தாமதமில்லை,
அதற்கும் ஒரு பதிவேடு இருக்கிறது.

கணவாய்க் காற்று தகரக் கூரையைத் தூக்கிப் பார்க்கும்.
பேப்பர் வெயிட் கேட்டு எழுதியது வரவில்லை.
இறுகிப்போன பிளீச்சிங் பவுடர் கட்டி ஒன்றைத்
தாள்களின் மேல் வைத்திருக்கிறேன்.

அங்கே ஆலப்புழைப் பக்கம் வாத்துகள் சாகின்றனவாம்.
கோழி வண்டி, தீவன வண்டி, காலிக் கூண்டு வண்டி
எதுவானாலும் சக்கரத்துக்கு மருந்தடிக்க வேண்டும்.
அடித்ததை எழுத வேண்டும்.
எழுதியதை எக்செல்லில் ஏற்ற வேண்டும்.
ஏற்றியதைப் படம்பிடித்துக் குழுவில் போட வேண்டும்.
மேலே யாராவது கட்டைவிரல் காட்டினால்
அதையும் படம்பிடித்து
இன்னொரு குழுவில் போட வேண்டும்.

பத்துக்கு ஓர் அறிக்கை. பன்னிரண்டுக்கு. மூன்றுக்கு.
ஆறு மணிக்கு நாளின் கூட்டுத்தொகை.

போன மாத ஆய்வுக் கூட்டத்தில்
எங்கள் சாவடியைப் பேர் சொல்லிப் பாராட்டினார்கள்:
இவரிடம் ஒரு காலம்கூடக் காலியாக இல்லை.
வீட்டிலும் என்னைப் பற்றி
அதையேதான் சொல்கிறார்கள்.

கனகமணிதான் தெளிப்பவள். தினக்கூலி.
"நாசில் அடச்சுக்கிச்சுங் சார், காத்துத்தான் வருது"
என்றாள் ஒரு திங்கட்கிழமை.
எழுதிக் கொடு என்றேன்.
கொடுத்தாள்.
பொருள், பார்வை எண் எல்லாம் போட்டு
நானும் எழுதினேன். மூன்று விலைப்புள்ளி கேட்டார்கள்.
கொழிஞ்சாம்பாறைக் கடையில் அது தொண்ணூறு ரூபாய்,
பைக்கில் போனால் அரை மணி நேரம்.
நான் போய்விட்டால்
பத்து மணி அறிக்கையை யார் அனுப்புவது?

மோட்டார் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.
சத்தம் கேட்டால் ஒரு கோடு போடுவேன்,
நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.
தலை நிமிராமல் போடப் பழகியிருந்தது கை.

பத்தொன்பது நாள்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு வண்டிகள்.
விழலுக்கு இறைத்த நீர் என்பார்கள்.
அங்கே நீராவது இருந்தது.

ஹம்ஸா, நாமக்கல்லுக்குத் திரும்பும் காலி முட்டைத் தட்டுகளோடு
வண்டியை ஓரம்கட்டி இறங்கி வந்தான்.
"சாரே, இதில் வெள்ளமில்லல்லோ."

வெள்ளம் இல்லை என்றால்
எனக்கு அது நல்ல சேதி.
எல்லையில் இருபது அடி தள்ளிப் பிறந்ததால்
புரிய ஒரு நொடி கூடுதலாயிற்று.

கூண்டில் துருத்திய கம்பியை ஒடித்தான்.
நாசிலைக் கழற்றி, குத்தி, வாயால் ஊதி
முகம் சுளித்துத் துப்பினான்.
சுண்ணாம்புத் துணுக்கு,
அரிசி அளவுகூட இல்லை.
பிறகு வந்தது பாருங்கள்,
கனகமணியின் சேலை, என் கால்சட்டை,
ஹம்ஸாவின் நாலு சக்கரம், வரிசையில் நின்ற
கள்ளு வண்டியின் முகப்பு,
எல்லாம் நனைந்து மருந்து நாறியது.
பீச்சாதே பீச்சாதே என்று கத்தியவன்
சிரித்துவிட்டேன்.

உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது.
பத்து இருபத்தைந்து.

தாமதத்துக்கான காரணம் என்று
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
பதினொரு வருடமாக அதில் கோடுதான் இழுத்திருக்கிறேன்.
ஈரக் கையால் முதல்முறையாக எழுதினேன்:
மருந்து தெளித்துக்கொண்டிருந்தோம்.

விளக்கம் கேட்டு மதியமே ஓலை வந்தது.
பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
நாசில் கோப்பையும் மூட முடியாது,
நாளைக்கு அதற்கு நான்காம் நினைவூட்டல்.

வெளியே மோட்டார் ஓடுகிறது.
எழுந்து போய்
ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.
கட்டி இருக்கிறது, தாள் பறக்காது.